நாற்பத்தோராம் குழாய்

பத்தேகாலுக்கு ஆறாம் நம்பர் மலையில் கூடு கலைந்தது.
பதினொரு பேருக்குக் கொட்டு.
பத்தேகால் என்பதால் அரைப்பேர்,
அதுவும் காலைக் கொழுந்தை நிறுத்தவர்களுக்கு மட்டும்.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
என் படிவத்தில் ‘கொட்டிய நேரம்’ என்றொரு கட்டம் உண்டு.
அதைக் கேட்டால்
எல்லோரும் சம்பளத்தைத்தான் சொல்கிறார்கள்.

நான் பேராதனை ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறவள்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுகிறேன்.
ஹட்டன் தாண்டினால் பெட்டி மடியில்தான்.
வளைவுக்கு வளைவு குழாய்கள் கிணுகிணுக்கும்.
பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள்: "மீனா?"
இல்லை, மனுசர் என்று
வாய்வரை வந்தது.

உறைய வைத்த குளவியின் வயிற்று நுனியை
இடுக்கியால் மெல்ல இழுத்தால்
கொடுக்கோடு நச்சுப்பை வரும்.
ஒரு கடுகு முழுசாக இல்லை.
"இதுக்குள்ள ஒரு ஃபெக்டரியே ஓடுது" என்பார்
டாக்டர் நிலக்ஷி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு.
அந்த அதிசயம் பொய்யில்லை.
நானும் அதிசயித்தேன்,
ஆறாம் நம்பர் மலைக்கு ஏறும்வரை.

தவமலர் நாற்பத்தொன்று.
வயசல்ல, குழாய் எண்.
போன வருசம் ஒரு கொட்டு, வீங்கி இறங்கியது.
இந்த முறையும் ஒன்றே ஒன்று, பின்கழுத்தில்.
நாக்கு தடித்தது. கண் இருட்டியது.
கொழுந்து லொறியில் படுக்கவைத்து
டிக்கோயா ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை
மூச்சு இருக்கிறதா என்று
மூக்கில் விரல் வைத்துக்கொண்டே போனாளாம் செல்வகனி.

"ஒருக்கா கொட்டினா ஒடம்பு பழகிரும்னாங்க.
எனக்கு எதிர்ப்பு சக்தி இல்லியா மிஸ்?"

இருக்கிறது, தவமலர்.
இருப்பதுதான் வினை.

ஒவ்வாமை என்ற சொல்
அவள் கைநாட்டு வைத்த தாளில் இருக்கிறது,
வாயில் இல்லை.
நான் செக்ரோலைச் சொன்னேன்.
உடம்புக்குள்ளும் ஒன்று இருக்கு.
முதல் கொட்டன்றே நஞ்சின் பேரை எழுதி
அடிக்கோடு போட்டுத் தூங்காமல் காத்திருந்தது.
அடுத்த கொட்டு விழுந்ததும்
பெரட்டுக்குத் தப்படித்த மாதிரி
அத்தனை பேரும் ஒன்றாய் எழும்பி ஓடி,
ஒரு குளவியை விரட்டப் போய்
லயத்தையே மிதித்துப் போட்டார்கள்.

கையில் பஞ்சை அமுக்கியபடி யோசித்தாள்.
"அப்ப எனக்குள்ள இருக்கிற செக்ரோலாவது
பேரை விடாம எழுதுது."

மருந்து டிஸ்பென்சரியில் இருக்கிறது. பார்த்தேன்.
கண்ணாடி அலுமாரி, மேல்தட்டு,
பஞ்சுக் கட்டுக்குப் பின்னால்
அட்ரினலின், ஆறு குப்பி.
தொடையில் ஏற்ற ஒரு நிமிசம் போதும்.
சாவி டிஸ்பென்சர் ஐயாவிடம்.
ஐயா செவ்வாயும் வெள்ளியும் மேல் டிவிஷன்.
குளவிக்கு அது தெரியாது.
கொட்டியது செவ்வாய்.

எங்கள் கட்டுரையில்
புரதத்தின் எடை வரும்,
நீலப் பட்டை பட்டையாகப் படம் வரும்,
நாற்பத்தொன்றும் ஒரு புள்ளியாக எங்கோ மேலே நிற்கும்.
சாவிக்குக் கட்டமில்லை.

முடிவு வந்த அன்றே போன் எடுத்தேன்.
காற்று இரைந்தது.
"மலையில நிக்கிறேன் மிஸ், சுருக்கா சொல்லுங்க."
இன்னொரு கொட்டு ஆகாது என்றேன்.
எந்த மலை என்றும் கேட்டேன்.
"ஆறாம் நம்பர்தான்.
அந்த மரத்துல திரும்பக் கட்டிருச்சு.
ரெண்டு நெரை தள்ளி நின்னு எடுக்கிறோம்."
பிறகு, யாருக்கோ சொல்வதுபோல்,
"இன்னும் நாலு கிலோ வந்தா முழுப்பேர்."
வைத்துவிட்டாள்.

படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
பென்சிலால் எழுதினேன்:
இரண்டு நிரை.
சாவி.

தோளுக்கு மேலாக டாக்டர் நிலக்ஷி பார்த்தார்.
தமிழ் வாசிக்கத் தெரியாதவர்,
என்னவென்று கேட்டார். சொன்னேன்.
பென்சிலை வாங்கிக்கொண்டு
பேனாவைக் கொடுத்தார்.