காந்தம் ஒட்டாத கார்

ஈலியிலிருந்து ஃபாலன் இருநூற்றைம்பது மைல்.
முதல் மலை தாண்டியதும் எஃப்எம் இருமத் தொடங்கும்.
இரண்டாவதில் செத்துப்போகும்.
அப்புறம் நெவாடா முழுக்க
என் மூச்சும் டயர் சத்தமும்தான்.
பதினைந்து நாளுக்கொரு முறை போகிறேன்,
ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கணக்கெழுத.
அதற்காக வாங்கியது இந்த சாட்டிலைட் ரேடியோ:
சோப்புப் பெட்டி அளவு,
தொண்ணூறு டாலர்,
முதல் மூன்று மாதம் சந்தா இல்லை.

பொருத்துவதற்கு லீலண்டைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.
ஊரில் வேறு யாரும்
இந்தக் காரின் வயிற்றில் கைவிட்டதில்லை.
மஞ்சள் கார்வெட். இரண்டே இருக்கை.
விவாகரத்தில் வீடு அவனுக்கு, இது எனக்கு.
வக்கீல் சிரித்தார்.

வந்தான்.
பூட்ஸ் பனியை வாசலிலேயே உதறினான், விருந்தாளி மாதிரி.
முதல் வேலையாக பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினான்.
"பத்து நிமிஷம் எதையும் தொடாதே, கொரீன்."
ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் காற்றுப்பைக்கு
மின்சாரம் போன பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்குமாம்.
அந்த மிச்சமே வெடிக்கப் போதுமாம்.

பத்து நிமிஷம்.
ஒரு ஹீட்டர், ஒரு மடக்கு நாற்காலி, இரண்டு பேர்.
அவன் அம்மாவின் இடுப்பு ஆபரேஷனைச் சொன்னான்.
நான் குழாய் உறைந்ததைச் சொன்னேன்.
ஆறு நிமிஷம் தீர்ந்தது.
மீதி நான்கிலும்
ஹீட்டர் மட்டும் பேசியது.

பிறகு டாஷ்போர்டைப் பிரித்தான்.
ஒவ்வொரு கிளிப்பும் நெட்டி முறிப்பதுபோல் கழன்றது.
உள்ளே ஒரு பென்னி,
கல்லாகிப்போன சூயிங்கம்,
ரீனோவில் ஏதோ மோட்டலின் பார்க்கிங் சீட்டு.
அவன் தேதியைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
நாங்கள் வாங்குவதற்கு முந்தைய வருஷம்.
ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

டார்ச் என் கையில்.
"இடது பக்கம். இல்லை, என் இடது."
பதினோரு வருஷமும் இதே திசைக் குழப்பம்தான்.
சிவப்பு வயரை ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனான்,
ஆன்டெனா கம்பியை கதவோரப் பட்டிக்கு அடியில் ஓட்டினான்,
தலைகீழாக, பல்லில் ஸ்குரூ டிரைவரோடு,
ஏதோ முனகிக்கொண்டு.

ஆன்டெனா, தீப்பெட்டியளவு.
அடியில் காந்தம்.
பின்மூடியின் மேல் வைத்தான்.
வழுக்கி, சிமெண்ட் தரையில் விழுந்தது.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான்.
மறுபடி.
இந்தக் காருக்கு இரும்புத் தோல் இல்லை, எல்லாம் ஃபைபர்.
அது அவனுக்குத் தெரியும். மறந்திருந்தான்.
எனக்கு ஞாபகமிருந்தது, சொல்லவில்லை.
மூன்றாவது முறை விழுந்தபோது
அவன்தான் முதலில் சிரித்தான்.

"டேப் போட்டு ஒட்டிவிடேன்."
பதில் சொல்லாமல் மூடியைத் திறந்து
உள்பக்கமாக,
மஞ்சளுக்கு அடியில்,
யாருக்கும் தெரியாத இடத்தில் அதை வைத்தான்.
"தகரமென்றால் அலை நின்றுவிடும்.
இது ஒன்றையும் நிறுத்தாது."
காந்தத்தைப் பிடிக்கத் தெரியாத உடம்புக்கு
வானத்தைத் தடுக்கவும் தெரியாதாம்.
இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை,
கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கராஜ் கூரைக்குக் கீழே
திரையில் ஒரே வரி: சிக்னல் தேடுகிறது.
பின்னோக்கி எடுத்தேன்.
பனி, மேகம், பாதி முற்றம்.
இன்னும் தேடுகிறது.
முழுதாக வெளியே வந்தபோது
யாரோ ஒருத்தி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள்போல,
மயாமியில் வெயில் கொளுத்துகிறது என்றாள்.
எங்கள் வாசலில் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.

அறுபது டாலர் நீட்டினேன்.
நாற்பதை எடுத்துக்கொண்டான்.
உள்ளங்கையில் ஒரு ஸ்குரூ மிச்சமிருந்தது.
"எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை" என்றான்,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

இப்போது ஃபாலன் வரைக்கும் குரல்கள்.
மலை வந்தாலும் இருமுவதில்லை.
எழுபதைத் தாண்டினால் மட்டும்
டாஷ்போர்டுக்குள் எங்கோ
சின்னதாக ஒரு கிடுகிடுப்பு.
சத்தத்தைக் கூட்டினால் கேட்காது.
பெரும்பாலும் கூட்டுவதில்லை.