ஆறாம் லேன், இரவு ஷிப்ட்

நாங்குநேரி டோல்கேட்டில்
ஆறாம் லேன் கூண்டுக்குள்
ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு மின்விசிறி.
மிச்சமிருக்கும் இடத்துக்குள்
கிட்டார் நுழையாது.
யுகுலேலே நுழையும்.
வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

ராத்திரி பதினொன்றிலிருந்து
சோகப்பாட்டு வாசிக்கிறேன்.
சூப்பர்வைசர் லூர்துமணி எட்டிப் பார்த்தார்:
"என்னவே, யாருக்குப் பொறந்தநாளு?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
கிட்டாரில் முகத்துக்கு அருகே இருக்கும் கம்பி
கிணறு.
வாளியை விட்டால் இறங்கிக்கொண்டே இருக்கும்.
இதில் அந்த இடத்துக் கம்பி
இறங்க வேண்டிய படியில்
துள்ளி மேலே ஏறி நின்றுகொள்கிறது,
எழவு வீட்டில் சிரித்துவிட்ட பிள்ளை மாதிரி.

மேஜருக்குக் கடைசிக் கம்பியில் மோதிர விரல்.
மைனருக்கு முதல் கம்பியில் நடு விரல்.
இரண்டுக்கும் நடுவே
இரண்டு விரற்கடை மரம், அவ்வளவுதான்.

ஏன் சோகம் என்றால் சொல்லத் தெரியாது.
ஒவ்வொரு ஷிப்ட்டும் கணக்கு
காசு பிசகாமல் வந்துவிடுகிறது,
அதனாலாக இருக்கலாம்.

பாட்டு எதுவும் முடிவதில்லை.
களக்காட்டு வாழைத்தார் லாரி வரும்.
உவரி மீன் வண்டி வரும், ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
ஸ்டிக்கரை மெஷின் படித்தால் கட்டை எழும்பும்.
படிக்காவிட்டால் நான் எழும்ப வேண்டும்:
"அண்ணாச்சி, பேலன்ஸ் இல்ல."
அண்ணாச்சி என் வம்சத்தை விசாரித்து முடிப்பதற்குள்
பல்லவி ஆறிப்போயிருக்கும்.
காற்றாலை இறக்கை ஏற்றிய ட்ரெயிலர் வந்தால் மட்டும்
அது ஓரத்து லேனில் ஊர்ந்து ஊர்ந்து
வாலைக் காட்டும்வரை
ஒரு சரணம் கிடைக்கும்.

ஆனி மாதம்.
மேல்காற்றில் கூண்டுத் தகரம் படபடத்த ராத்திரி.
மூன்று மணிக்கு அமரர் ஊர்தி ஒன்று வந்தது,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து ராதாபுரத்துக்கு.
அதற்குக் கட்டணமில்லை.
பொத்தானை அழுத்தினேன். கட்டை எழும்பியது.
வண்டி நகரவில்லை.

டிரைவர் தலையை நீட்டினார்.
"நீரா வாசிச்சீரு? நிறுத்தாதேயும்.
உள்ள இருக்கவருக்கு அவசரமில்ல."
பக்கத்து சீட்டில் ஒரு பையன், பதினேழு இருக்கும்.
மடியில் ஸ்கேன் கவர்.
காலடியில் கட்டைப்பை,
அதில் பிளாஸ்க்கும் உரிக்காத ஆரஞ்சும்.

விட்ட இடத்திலிருந்து தொடங்காமல்
முதலிலிருந்து தொடங்கினேன்.
பல்லவி. முதல் சரணம்.
காற்றுக்குச் சுருதி இறங்கியிருந்தது, திருகவில்லை.
இரண்டாம் சரணம் வரை
அந்த நாற்காலியில் நான் போனதே இல்லை.
விரல் தடுமாறி
மைனர் வரவேண்டிய இடத்தில் மேஜர் விழுந்தது.

பையன் நிமிர்ந்தான்.
"எங்கப்பா போன் இப்படித்தான் அடிக்கும்" என்றான்.
"அடிச்சிட்டே கெடக்கும். எடுக்க மாட்டாவ."

பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது.
இன்னொரு தடவை அடித்தது.
முன்வண்டியின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்திருக்க வேண்டும்,
மூன்றாவது இல்லை.

பாட்டு முடிந்தது.
முடிந்தால் கை என்ன செய்ய வேண்டும் என்பது
எனக்குப் பழக்கமில்லை.
கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தேன்,
காய்ச்சல் தொட்டுப் பார்ப்பதுபோல.

"சந்தோசமாத்தான் இருக்கு" என்றார் டிரைவர்
கியரைப் போட்டபடி.
குறையாகச் சொன்னாரா, தெரியவில்லை.

மெஷினில் ரசீது தொங்கியது:
லேன் 6. நேரம் 03:09. ரூபாய் 0.
யாரும் கிழித்து வாங்கவில்லை.

டெம்போ முன்னே வந்தது. முருங்கைக்காய்.
பேலன்ஸ் இல்லை.