பொதுச் சுவர்

சைதாப்பேட்டையில் என் அறைக்கும்
சுகிர்தா சிஸ்டர் அறைக்கும் ஒரே சுவர்.
அவருக்கு இரவு டூட்டி.
எனக்கு மாலையானால் கல்யாண ஊர்வலம்,
ஊதிப் பழகப் பகல்தான்.

வாடகை நானும்தான் தருகிறேன் என்று
முதல் வாரம் முழுக்க ஊதினேன்.
குழாயடியில் ஒருநாள்
சிவந்த கண்களோடு நின்றவர்
தண்ணீர் வந்துவிட்டதா
என்று மட்டும் கேட்டார்.

டிரம்பெட் வாயில் துண்டைத் திணித்துப் பார்த்தேன்.
அது இருமியது.
பிறகு சைக்கிளில் பாலாற்றுக்கே போய்விட்டேன்.
வெறும் மணல்,
எவ்வளவு ஊதினாலும் வாங்கிக்கொள்கிறது.
எருமைகள்தான் திரும்பிப் பார்க்கும்.

நேற்று படிக்கட்டில் நிறுத்தினார்:
"அந்தப் பாட்டைப் பாதியில் விட்டீங்களே,
மீதி எப்படிப் போகும்?
தூங்கவே முடியல."

ஞாயிறு அவருக்கு லீவு.
உதட்டுக்கு நெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.
மாடிவீட்டில் யாருக்குப் பரீட்சை என்று
இன்னும் விசாரிக்கவில்லை.