மூன்றுக்கு ஒன்று

காரம் என்றதும் நாக்கை நினைப்பவர்கள்
இந்தக் கதைக்குள் வர முடியாது.
இது சுண்ணாம்பின் காரம்.

கஜகஸ்தான், தெமிர்தாவு, பிப்ரவரி.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தேழு.
உலைக்குள் ஆயிரத்து அறுநூறு.
நடுவில் ஒரு தகரக் கதவு,
ஒரு ஆய்வுக்கூடம், ஒரு தொலைபேசி,
குல்ஜஸிரா.

குழாய் வழியே வந்து விழுகிறது கசடு,
ஆறிய கருங்கட்டி, உள்ளங்கையளவு.
இடிக்கிறாள், பொடிக்கிறாள், கருவிக்குள் வைக்கிறாள்.
சுண்ணாம்பு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு,
வகுத்தால் வருவது காரத்துவம்.
ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
திரை சொல்கிறது: இரண்டு புள்ளி ஒன்று.
மூன்று வேண்டும்.

"உருக்கு தயார், சாய்க்கிறேன்" என்கிறார்
உலையடியிலிருந்து வால்டெமர் ஷெங்க்.
"சாய்க்காதீர்கள். பாஸ்பரஸ் எழுந்திருக்கவே இல்லை."
"மாதக் கடைசி, குல்ஜஸிரா."
"பாஸ்பரஸ் நாள்காட்டி பார்க்காது."

அவள் மேசையில் தாள் பறக்காமலிருக்க
ஒரு தண்டவாளத் துண்டு.
முறிந்த முகம்,
கற்கண்டை உடைத்தாற்போல் மினுக்கும் மணிகள்.
வளையவில்லை, முனகவில்லை,
ஒரு ஜனவரி இரவில்
சரக்கு ரயிலின் இருபத்தோராம் பெட்டிக்கு அடியில்
சட்டென்று இரண்டானது.
கோடை முழுக்க அது நல்ல பிள்ளை.

இந்த ஊர்த் தாதுவோடு கூடப்பிறந்தது பாஸ்பரஸ்.
அடித்து விரட்ட முடியாது,
அழைத்து உட்காரவைக்கத்தான் முடியும்.
அமிலம் கை ஏந்தும்; காரம் கொடுக்கும்,
தன்னிடம் சும்மா கிடக்கும் எலெக்ட்ரான் ஜோடியை நீட்டும்.
ஆனால் பந்தியில் மணல் முந்திக்கொள்கிறது.
மணலின் பசி அடங்கி
மிஞ்சுகிற சுண்ணாம்புதான்
பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும்.
மூன்று என்றால் இதுதான் பொருள்: மிஞ்ச வேண்டும்.
மிஞ்சாவிட்டால்
மணல் உலைச் சுவரைத் தின்னப் போகும்.
அந்தச் சுவரின் செங்கல் விலை
ஷெங்குக்கு மனப்பாடம்.

"சரி, பத்து டன் கொட்டுகிறேன்."
"பத்து வேண்டாம். கரையாமல் கட்டிகட்டியாய் மிதக்கும்.
நாலு. பொடிக்கல்லாக."
முதலில் ஜெர்மனில் திட்டுகிறார், பிறகு ரஷ்யனில்,
பிறகு சுண்ணாம்பு விழும் ஓசை.

பதினோரு நிமிடம்.
அவள் வாயில் ஒரு குர்த் உருண்டை,
புளித்த தயிரை உலர்த்திக் கல்லாக்கியது.
இந்த இரவில் அமிலத்துக்கு
அவ்வளவுதான் வேலை.

இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து.
திரையைப் பார்க்கிறாள்.
தண்டவாளத் துண்டைப் பார்க்கிறாள்.
பாஸ்பரஸ் எண்ணை இன்னொரு முறை பார்க்கிறாள்.
"சாயுங்கள்."
அவர் பதில் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை.
காதுக்குள் நெடுநேரம் உருக்கு ஊற்றுகிறது.

ஏப்ரலில் அந்தக் கசடைப் பொடித்து
சைபீரியப் பக்கம் புளித்த மண்காரர்கள் வாங்குவார்கள்.
இரும்பை உடைப்பது கோதுமை வேருக்குச் சோறு.
அவள் அதை நினைக்கவில்லை.
விரல் நுனியில் ஒரு வழுவழுப்பு,
மாலையில் கலக்கிய சோடாக் கரைசல்
கையுறை ஓட்டை வழியே கசிந்திருக்கிறது.
சோப்பு போலத்தான் இருக்கும்;
சோப்பாகிக்கொண்டிருப்பது தோல்.
குழாயைத் திறந்து
விரல்கள் மறுபடி கரகரக்கும்வரை
கழுவிக்கொண்டிருக்கிறாள்.