கட்டையில் ஓர் இஞ்ச்

கம்பத்திலிருந்து மலையேறி வண்டன்மேடு.
ஏலக்காய் ஸ்டோரின் பின்னறையில்
சாக்கு விரித்த மேசைமேல் கிடந்தது
இரட்டைக்குழல்.

குழலைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு
சாவியால் தட்டினேன். கோயில் மணி.
ஈயப்பற்று விடவில்லை.
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
வலது குழலில் அம்மைத் தழும்பு,
இடது கண்ணாடி.
மறுபடி மூட்டி ஆட்டினேன்,
கீல் லேசாக முனகியது.

"எங்க அச்சாயன் பன்றிக்கு வெச்சிருந்தது,"
என்றார் ஏலிக்குட்டி.
லைசென்ஸிலும் குரியாக்கோஸ்தான்.
சுவரில் மாலைக்குள் அவர்,
வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம்.

கட்டையை யாரோ ஓர் இஞ்ச் அறுத்திருக்கிறார்கள்.
கன்னம் பதியும் இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது,
வலப்பக்கம்.
இடது தோளில் ஏந்தினால்தான் அங்கே தேயும்,
அதுவும் கை குட்டையான ஆள்.

"அறுத்த கட்டைக்கு ஐயாயிரம் குறையும்."

"அறுத்தப்புறம்தான் சாரே குறி தப்பாம இருந்தது."
கட்டன்சாயாவை ஊற்றினார்,
இடது கையால்.
நான் படத்தைப் பார்க்கவில்லை,
டம்ளரைப் பார்த்தேன்.

மூவாயிரம்தான் குறைத்தேன்.
ரசீதில் குரியாக்கோஸ் என்று எழுதி
வாரிசு என்ற இடத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.
தோட்டா மிச்சம் இருக்கிறதா என்று
கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.