இரண்டு மாடிக்கு நடுவில்

முப்பத்தோரு வருஷமாய்
மொண்டெவிடியோவின் கிழட்டு லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர்
தன் பழுதைப்
பத்து மாதம் என்னிடம் சொல்லவில்லை.
சொல்லத்தான் வேண்டுமா, ஒரே கட்டில்.

முதலில் களைப்பு என்றார்.
பிறகு ஆகஸ்ட் குளிர்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் விடியுமுன் எழுந்துவிடுவார்;
மாத்தே உறிஞ்சும் சத்தம் மட்டும்
சமையலறையிலிருந்து வரும்.
நான் தூங்குவது போல் கிடப்பேன்.
எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.
அதை நானும் சொல்லவில்லை.

மாத்திரைச் சீட்டுக்காகத்தான் போனார்
டாக்டர் இத்துரால்தேயிடம்.
தெருமுனை மருந்துக்கடைக்காரி என் அத்தை மகள்,
அவளிடம் கேட்டு வாங்கக் கூச்சம்.
அந்தக் கூச்சத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.
சர்க்கரை, கொழுப்பு,
கூடவே இன்னொன்று.
அந்த இன்னொன்றின் எண் ஏறியிருந்தது.
பிறகு ஸ்கேன், ஊசி, பன்னிரண்டு துணுக்குச் சதை,
ஒன்பது நாள் காத்திருப்பு.
சுரப்பியின் ஓரத்தில்
சத்தமே போடாமல் புற்று.

"அப்போ இதுதான் அதுக்குக் காரணமா?"
அனிபாலுக்குக் காரணம் வேண்டும்.
லிஃப்ட் நடுவில் நின்றால் பொத்தானைத் திட்டாதே,
மொட்டைமாடிக்கு ஏறி மோட்டாரைப் பார்
என்கிற ஆள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சில ஆய்வுகள் தொடர்பு உண்டு என்கின்றன.
சில இல்லை என்கின்றன.
வயசு இரண்டுக்கும் பொது.
ஒன்றுக்காக வந்தவரிடம் மற்றதையும் தேடுகிறோம்,
தேடுவதால் கிடைக்கிறதோ என்னவோ.
ஒரே கட்டடத்தில் இரண்டு பழுது, அனிபால்.
ஒரே கம்பியா? தெரியாது."

தெரியாது என்கிற மெக்கானிக்கை
அவர் அதுவரை நம்பியதில்லை.

அறுவை செய்தால்
எதைக் கேட்டு வந்தாரோ
அது திரும்பாமலே போகலாம் என்பதையும்
டாக்டர் மறைக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் நடந்தே வந்தோம்.
ஆறு சேற்று நிறத்தில், காற்று முகத்தில்.
வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
சிரித்தேவிட்டேன். அவருக்கும் தொற்றியது.

இரண்டாம் மாடி தாண்டி
படியிலேயே உட்கார்ந்தோம், மூச்சு வாங்க.
அங்கேதான் சொன்னார்,
பத்து மாதத்தையும், வரிசையில்லாமல்.
"உனக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சியா?" என்று கேட்டபோது
நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்து
லிஃப்ட் எப்போது சரியாகும் என்றாள்.
"பார்க்கணும்" என்றார்.
என் முழங்கால் மேலிருந்த கையை
எடுக்கவில்லை.