மாதிரிக் கையெழுத்து

நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டு அரைமணி ஆயிற்று.
தஞ்சாவூர் பஸ்ஸுக்குள் வியர்வை, வெள்ளரிப்பிஞ்சு,
என் போனில் ஒரு வாலிபால்.
தோல் பந்து, எழுபத்து மூன்றாம் வருஷத்தது,
விலை இருபத்திரண்டாயிரம்.
‘கேப்டன் சவரிமுத்து கையெழுத்து. அசலா சார்?’
கேட்பவர் ஓசூர்க்காரர். முகம் தெரியாது.

மாதத்துக்கு நாலு இப்படி வரும்.
ஜெல் பேனா அன்றைக்கு ஏது?
பழைய மை தோலோடு சேர்ந்து வெடித்திருக்கும்;
வெடிப்புக்குள்ளும் நீலம் இறங்கியிருந்தால்
நேற்று எழுதியது.
டீத்தண்ணியில் ஊறப்போட்ட பந்தைப்
படத்திலேயே மோந்துவிடுவேன்.
போன வாரம் ஒருவன் ‘ரி’யின் வளைவில் மூச்சு வாங்கியிருந்தான்,
ஒரு மைப்புள்ளி,
சேற்றில் பதிந்த திருட்டுக் கால்.
கையெழுத்துப் போடுகிறவன் எழுத்தைப் பார்ப்பதில்லை,
அடுத்து நிற்கிற ஆளைப் பார்ப்பான்.

இதில் அப்படி எதுவும் இல்லை.
வேகம் இருக்கிறது. ‘து’வின் வால்
வெண்ணாற்றுக் கரைச் சரிவில் பிரேக் இல்லாத சைக்கிள்.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
நான் போட்டது.

திருத்துறைப்பூண்டி பைனல் ராத்திரி.
பிளாக் போனதில் அண்ணனுக்கு ஆள்காட்டி விரல் பிசகி
கருணைக்கிழங்காய் வீங்கிக் கிடந்தது.
வெளியே நூறு பேர்.
‘நீ போடுடா பாக்கியம்.’
ஆறு பேரில் நான் இல்லை.
பந்துக்குக் காற்றடிக்கிறவன்.
என் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை;
அவர் பெயரை அந்த வருஷம்
இருநூறு தரம் எழுதினேன்.
கை கூசவில்லை. இனித்தது.

விரல் ஆறியபின் அவர் போட்டது வேறு மாதிரி,
கோணி, நடுங்கி,
‘மு’ மட்டும் மல்லாந்து படுத்திருக்கும்.
அதில் ஒன்றைத்தான் பிலோமினா விற்க வைத்தாள்,
அப்பாவின் டயாலிசிஸுக்கு.
சான்றிதழ் கம்பெனி போலி என்று திருப்பிவிட்டது.
ஒத்துப்பார்க்க அவர்கள் வைத்திருந்த மாதிரி
என்னுடையது.
அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

கேட் தூக்கிவிட்டார்கள். எல்லா ஹாரனும் ஒன்றாய்.
‘சார்?’ என்கிறார் ஓசூர்.
‘அசல்’ என்று அடித்தேன். அழித்தேன்.
பிறகு ஒரே மூச்சில்:
‘பந்து அசல். கையெழுத்து நான் போட்டது,
ரா. பாக்கியநாதன்.
சவரிமுத்துவே போட்டது வேண்டுமானால்
அவர் மகள் நம்பர் தருகிறேன்.
பார்க்க நன்றாக இருக்காது.’

கோவில்வெண்ணி தாண்டியும்
ஒற்றை டிக்.